நான் வாங்கிய வண்டியும் மச்சான் செய்த வண்டியும்

மதுரையில் இருக்கும் என் பேத்திக்குப் போன வாரம் ஆண் குழந்தை பிறந்தது. அவளிடமிருந்து நேற்று ஒரு கடிதம் வந்தது. கூடவே ஒரு கடையின் படம் போட்ட விலைப்பட்டியலும் இருந்தது. அதில் இரண்டு குழந்தை வண்டிகளைப் பென்சிலால் வட்டமிட்டிருந்தாள். "தாத்தா, கையில் இருப்பது கொஞ்சம்தான். அந்தக் காலத்திலேயே அம்மாவுக்குத் துரைமார் வண்டி வாங்கியவர் நீங்கள். எது உழைக்கும், எதை வாங்கலாம் என்று எழுதுங்கள்" என்று கேட்டிருந்தாள்.

பதில் எழுத உட்கார்ந்தேன். இரண்டு வரிக்குமேல் போகவில்லை. அவளுக்கு எழுத வேண்டியதைவிட எனக்கு நானே எழுத வேண்டியது அதிகம் என்று தெரிந்தது. எழுபதை நெருங்குகிறேன். பாவசங்கீர்த்தனத் தொட்டியின் முன் முழந்தாளிட்டுப் பல பாவங்களைச் சொல்லியிருக்கிறேன். இதை மட்டும் "பெருமை கொண்டேன் சாமி" என்று ஒரு சொல்லில் மடித்துச் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். இப்போது பிரித்துச் சொல்கிறேன்.

அப்போது மலைமேல் அணை வேலை நடந்துகொண்டிருந்தது. கூடலூருக்கு அருகே, மலையடிவாரத்தில், வேலைக்கு வேண்டிய சாமான்களுக்கு ஒரு கிடங்கு இருந்தது. அங்கே நான் ரைட்டர். மிஷன் பள்ளியில் படித்தவன், இங்கிலீஷ் எழுதத் தெரிந்தவன் என்பதால் கிடைத்த வேலை. எந்த வண்டிக்காரர் எந்தப் பாரத்தை எங்கே கொண்டுபோக வேண்டும் என்று பெயர் எழுதுவது என் பொறுப்பு. வண்டி ஓட்டம் இரண்டு வகை. அம்மையநாயக்கனூர் ரயிலடியிலிருந்து தேனி, சின்னமனூர் வழியாகக் கிடங்கு வரை வருவது கீழ் ஓட்டம். கிடங்கிலிருந்து குமுளி ஏறிக் காட்டுக்குள் போவது மலை ஓட்டம். மலையில் கூலி கூடுதல். ஆனால் அங்கே தங்கியவர்களைக் காய்ச்சல் விடுவதில்லை. திரும்பி வருகிறவர்கள் மஞ்சள் கண்ணோடு வந்தார்கள். சிலர் வரவில்லை.

என் மனைவியின் அண்ணன் ஒரு வண்டிக்காரர். அவர்களுக்குத் தாய் தகப்பன் இல்லை. தாது வருஷப் பஞ்சத்தில் இருவரும் போய்விட்டார்கள். அப்போது அவருக்குப் பதினேழு வயது, அவளுக்கு ஒன்பது. கஞ்சித் தொட்டியின் முன்னால் கூட்டம் நெருக்கியதில் அவள் விழுந்து வலது முழங்கை முறிந்தது. கட்டுப் போட ஆள் இல்லாமல் அப்படியே கோணலாகக் கூடிவிட்டது. அதன்பின் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு தான் குடிக்க வேண்டிய கஞ்சியையும் அவளுக்கு ஊற்றி வளர்த்தவர் அவர். எனக்குக் கட்டிக்கொடுத்ததும் அவர்தான். தங்கைக்கு ஒரு பிள்ளை பிறக்கட்டும், பிறகு எனக்குப் பெண் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கிடங்கில் அவர் பெயரை நான் எப்போதும் கீழ் ஓட்டத்திலேயே எழுதுவேன். அவர் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. இருவருக்கும் தெரியும்.

மகள் பிறந்தாள். பிரசவம் கடினமாக இருந்தது. என் மனைவிக்கு அந்த வலது கையில் பிள்ளையை வைத்துக்கொள்ள முடியாது. இடது கையிலேயே சுமந்து சுமந்து அந்தத் தோளும் வீங்கிவிட்டது. மாதா கோயில் எங்கள் வீட்டிலிருந்து ஒரு மைல். அவள் அண்ணன் ஊர் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், இரண்டு மைல். பிள்ளையோடு எங்கே போவதானாலும் யாராவது கூட வர வேண்டும். ஒரு தள்ளுவண்டி இருந்தால் நல்லது என்று நான் நினைத்ததில் தவறு இல்லை. பேத்தி கேட்கிற காரணமும் அதுதானே.

ஆனால் நான் நினைத்தது அது மட்டும் அல்ல. கிடங்குக்குப் பக்கத்துப் பங்களாவில் ஒரு துரைசானி இருந்தாள். அவளுடைய பிள்ளையை மாலையில் ஆயா ஒரு வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போவாள். கங்காணிகள்கூட ஒதுங்கி நிற்பார்கள். என் பிள்ளை அப்படிப் போக வேண்டும், எங்கள் தெரு ஒதுங்கி நிற்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அதை மனைவியின் கைவலி என்ற பெயரில் மூடி வைத்திருந்தேன்.

தேனியில் ஒரு துரை ஊருக்குப் போவதால் வீட்டுச் சாமான்களை விற்கிறார் என்று கேள்விப்பட்டேன். கிடங்கு வேலையாக என்னையும் தேனிக்கு அனுப்பினார்கள். புறப்படும் முன் வீட்டு வாசலின் அகலத்தை ஒரு நூலால் அளந்து முடிச்சுப் போட்டு சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். படித்தவன் அல்லவா.

சந்தை நாள். பங்களாத் தாழ்வாரத்தில் நாற்காலி, பீங்கான், பறவைக் கூண்டு என்று பரப்பி வைத்திருந்தார்கள். மதுரைக்கார பட்லர் ஒருவர் விற்றுக்கொண்டிருந்தார். குழந்தை வண்டிகள் இரண்டு இருந்தன. ஒன்று பெரியது, நான்கு சக்கரம், மரத் தொட்டி, உள்ளே பச்சை மெத்தை. பளபளவென்று இருந்தது. நூலைப் பிடித்துப் பார்த்தேன். எங்கள் வாசலுக்குள் நுழையாது. விலையும் எனக்கு எட்டாது. இன்னொன்று சிறியது. மூன்று சக்கரம், பிரம்பால் பின்னிய தொட்டி, மடக்கும்படியான தோல் கூரை. தோல் இரண்டு இடத்தில் வெடித்திருந்தது. கீழே வில் வைத்திருந்ததால் தொட்டால் ஆடியது. நூல் சரியாக இருந்தது.

"பாருங்க, நல்லாப் பாருங்க," என்றார் பட்லர். "ரெண்டு பிள்ளை வளந்த வண்டி. ராசியான வண்டி."

"ரெண்டு பிள்ளையும் எங்க இருக்கு?"

"ஒண்ணு சீமைக்குப் படிக்கப் போயிருச்சு. ஒண்ணு உள்ள அழுதுகிட்டிருக்கு, கேக்கலையா? அது விட மாட்டேங்குது, வண்டிய விக்கக் கூடாதுன்னு."

நான் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன். விரல் அகலம்கூட இல்லாத இரும்பு வளையம். கைப்பிடி என் நெஞ்சு உயரத்துக்கு, வண்டியின் முழு அகலத்துக்கும் குறுக்காக இருந்தது.

"யாரு தள்ளுவாக? ஆயா வச்சிருக்கீகளா?" என்றார் பட்லர்.

"வீட்டுக்காரிதான்."

"வீட்டுக்கு ரோடு இருக்குல்ல?"

"இருக்கு இருக்கு."

"இல்ல சார், கேட்டுக்கணும்ல. இது பங்களா மண்ணுல ஓடுன வண்டி. உழவுகாட்டுல ஓட்டிட்டு எங்கிட்ட வந்து சண்டை போடக் கூடாது."

நான் சிரித்தேன். வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் எல்லாவற்றையும் விற்கிறவரே கேட்டார். எதற்கும் நான் யோசித்துப் பதில் சொல்லவில்லை. பேரம் பேசி அரை மாதச் சம்பளத்துக்கு முடித்தேன். அதைச் சாக்குப் பைகளால் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டச் சொன்னேன்.

அதை ஊருக்குக் கொண்டுவர வேண்டும். சந்தைப்பேட்டையில் ரயிலடிப் பாரத்தோடு மச்சானின் வண்டி நின்றது. அவர் வருவார் என்று எனக்குத் தெரிந்ததுதான். என்னைப் பார்த்ததும் துண்டை உதறி எழுந்தார்.

"வாங்க மாப்ளே. தங்கச்சி எப்படி இருக்கு? மருமக பால் குடிக்காளா?"

"நல்லா இருக்காக. மச்சான், ஒரு சாமான் இருக்கு. வீடு வரைக்கும் வரணும்."

"என்ன சாமான்?"

"ஆபீசு சாமான்," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நாற்பத்தைந்து வருஷமாக என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துக் குடும்பங்களில், பிள்ளை முதன்முதலில் வீட்டு வாசலைத் தாண்டுவது நாற்பதாம் நாள். அன்று கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். அப்போது பிள்ளையைத் தாய்மாமன் கொண்டுவந்த தொட்டிலிலோ துணியிலோ படுக்கவைத்துத்தான் எடுத்துப்போக வேண்டும். வேறு எதிலும் கிடத்தக் கூடாது. தாய்மாமன் இருக்கும்போது அவர் கொண்டுவந்ததை விட்டு வேறொன்றில் வைத்தால், எங்களுக்கு நீ வேண்டாம் என்று சொன்னதாக அர்த்தம். அதன்பின் அவர் அந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டார். வீட்டுக்காரனே வெற்றிலைத் தட்டோடு போய் அழைக்க வேண்டும். எங்கள் முன்னோர் கிறிஸ்து வேதத்தில் சேர்ந்து தலைமுறைகள் ஆகியும் இது மட்டும் மாறவில்லை. அதனால்தான் மச்சானிடம் சாமானின் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. செய்யப்போவது எனக்கு அப்போதே தெரிந்திருந்தது.

அவர் அதைத் தானே தூக்கிப் பாரத்தின்மேல் வைத்தார். அடியில் வைக்கோல் பரப்பினார்.

"ஆபீசு சாமான் இம்புட்டு லேசா இருக்கு. ஒடையுற சாமானா மாப்ளே?"

"ஆமா."

"அப்ப ஆடாம இருக்கணும்." இன்னொரு கை வைக்கோலைச் செருகினார்.

சின்னமனூர் நெருங்கும்போது வெயில் தாழ்ந்தது. இரண்டு பக்கமும் நெல் பச்சையாக நின்றது. நான் வண்டியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் திடீரென்று, "ஒங்க வீட்டு வாசப்படி அகலம் எத்தனை இருக்கும்?" என்றார்.

"எதுக்கு மச்சான்?"

"சும்மாதேன் கேக்கேன்." மாட்டின் முதுகைத் தடவினார். அப்புறம் அவராலேயே அடக்க முடியவில்லை. "மருமகளுக்கு ஒரு வண்டி செஞ்சுகிட்டிருக்கேன் மாப்ளே. வாகை மரத்துல. எல்லாம் முடிஞ்சுருச்சு, அச்சு மட்டுந்தேன் பாக்கி. வாச அகலம் தெரிஞ்சா அச்சு நீளம் வச்சிருவேன். தங்கச்சிகிட்ட சொல்லிராதீக. நாப்பதாம் நாள் காலையில கொண்டாந்து எறக்குறேன். அன்னைக்கிப் பாக்கட்டும்."

அப்போது நான் சொல்லியிருக்கலாம். பின்னால் கட்டிக் கிடப்பது இன்னதென்று சொல்லிச் சிரித்திருக்கலாம். அவரும் சிரித்திருப்பார். "ஒங்க வண்டி கிடக்கட்டும், நாப்பதாம் நாள் என் வண்டி" என்று சொல்லியிருப்பார். அந்த மனுஷரின் குணம் அது.

நான் சட்டைப்பைக்குள் கைவிட்டு அந்த நூலை எடுத்துக் கொடுத்தேன்.

"அட," என்றார் அவர். "அளந்தே வச்சிருக்கீக."

"கதவு செய்யலாம்னு அளந்தேன்," என்றேன். அவர் நூலை மடியில் பத்திரமாகச் சொருகிக்கொண்டார்.

நாற்பதாம் நாள் வந்தது. முந்தின நாளே சாக்கைப் பிரித்து வண்டியை வீட்டுக்குள் வைத்துவிட்டேன். என் மனைவி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். தோல் கூரையைத் தொட்டுப் பார்த்தாள். சந்தோஷப்படத்தான் பார்த்தாள் பாவம்.

காலையில் கோயிலின் முதல் மணி அடிக்கும் முன்பே, "புறப்படு," என்றேன்.

"ஏங்க, அண்ணன் வந்துரட்டுமே. கோயிலு எங்கன போயிரப் போகுது?"

"வெயில் ஏறிரும்."

"அண்ணன் கையில எடுத்து வைக்காம இதுல எப்படிங்க போடுறது?"

"அதெல்லாம் அஞ்ஞானிகள் வழக்கம். சாமியார் கேட்டால் சிரிப்பார்," என்றேன்.

சாமியார் அதைப் பற்றி ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னவர் இல்லை. வேதத்தை நான் என் ஆசைக்குத் துணைக்கு அழைத்தேன். பிள்ளையை அவள் கையிலிருந்து நான் வாங்கி வண்டியில் கிடத்தினேன்.

தெரு பார்த்தது. நான் விரும்பியது நடந்தது. ஒதுங்கி நின்றார்கள். "ஏலே, மாதா சப்பரம் இந்த வருஷம் வெள்ளெனக் கெளம்பிருச்சு டோய்," என்று ஒருவர் சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். "ரைட்டரே, இதுக்கு மாடு எங்க?" என்றார் இன்னொருவர். நானும் சிரித்தேன். வண்டியை நானேதான் தள்ளினேன். அவள் பக்கத்தில் நடந்துவந்தாள். வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

கோயில் வாசலை அடைந்தபோது பின்னால் மாட்டு மணி கேட்டது. மச்சான் எங்கள் வீட்டுக்குப் போய், அது பூட்டிக் கிடந்ததைப் பார்த்துவிட்டு மாட்டை விரட்டிக்கொண்டு வந்திருந்தார். மாடுகளின் கொம்புக்கு எண்ணெய் தடவியிருந்தார். புது வேட்டி கட்டியிருந்தார். வண்டிக்குள் ஏதோ ஒன்று இன்னொரு புது வேட்டியால் மூடியிருந்தது.

இறங்கி வந்தார். பிரம்பு வண்டியைப் பார்த்தார். உள்ளே கிடந்த பிள்ளையைப் பார்த்தார். குனிந்து அந்த வண்டியின் அடியில் சக்கரத்துக்குப் பக்கத்தில் சிக்கியிருந்த ஒரு வைக்கோலை எடுத்தார். அவர் செருகிய வைக்கோல்.

"இதத்தேன் நான் தூக்கி வச்சேனா மாப்ளே?"

நான் தோல் கூரையைச் சரிசெய்தேன்.

"நல்லாத்தேன் இருக்கு," என்றார். பிள்ளையின் காலை ஒரு விரலால் தொட்டார். தங்கையிடம், "வர்றேன் ஆத்தா," என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார். திருப்பும்போது மூடியிருந்த வேட்டி ஒரு பக்கம் விலகியது. ஒரு சின்ன மரச்சக்கரம் தெரிந்தது. அவள் அதைப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். அன்று கோயிலுக்குள் சாமியார் ஆசீர்வாதம் கொடுத்தபோது அவள் முகத்தை முக்காட்டுக்குள் வைத்திருந்தாள்.

அதன்பின் அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. வர முடியாது. நான் போய் அழைக்க வேண்டும். அவளுக்கு உலகத்தில் இருந்த ஒரே ரத்த உறவு அவர். அவர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து வாசலில் உட்கார்ந்து, அவள் கொடுக்கிற மோரைக் குடித்துவிட்டுப் போனால்தான் அவளுக்கு அந்த வாரம் வாரம். ஞாயிறு வந்தால் ஒரு செம்பில் மோர் ஊற்றி வைப்பாள். மாலையில் அதைக் கன்றுக்குட்டிக்கு ஊற்றுவாள். என்னைத் திட்டவில்லை. ஒருமுறை, "ஒரு தட்டு வெத்தலதாங்க. போய்ட்டு வந்துருங்க," என்றாள். இன்னொருமுறை, "அவுக வர மாட்டாக. நீங்க போனாத்தேன் உண்டு," என்றாள். பார்க்கலாம் என்றேன். அவருக்கு என்மேல் அத்தனை கோபம் என்றால் அவரே ஆறட்டும் என்று சொன்னேன். அவருக்குக் கோபம் இல்லை. அது எனக்குத் தெரியும்.

வண்டியின் கதை சீக்கிரம் முடிந்தது. எங்கள் ஊர் கரிசலும் வண்டித்தடமும். ஒரு மழை பெய்ததும் அந்த மெல்லிய சக்கரங்கள் கத்தியைப் போல மண்ணுக்குள் இறங்கின. கைப்பிடியை இரண்டு கையாலும் அழுத்தித் தூக்கினால்தான் முன்சக்கரம் திரும்பும். அவளுக்கு ஒரு கைதான். ஒருநாள் குளத்துக் கரையில் மாட்டிக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வண்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். இரண்டாம் மாதம் ஒரு சக்கரம் வளைந்தது. கொல்லர் பார்த்துவிட்டு, "இது ஊசியும் நூலும் வச்சுத் தைக்கிற வேலை, எங்கிட்ட ஆகாது," என்று கைவிரித்தார். வாசலை அளந்தவன் தெருவை அளக்கவில்லை. அவள் கையை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

இனிச் சொல்வதுதான் உண்மையில் சொல்ல வேண்டியது.

ஆவணி மாதம். கிடங்கில் வண்டிக்காரர்கள் பெயர் கொடுக்க வரிசையாக நின்றார்கள். மச்சானும் நின்றார். அவர் முறை வந்தது. நான் வழக்கம்போல் கீழ் ஓட்டத்தில் அவர் பெயரை எழுதப் பேனாவைத் தொட்டேன்.

"மலைக்கு எழுதுங்க ரைட்டரய்யா," என்றார்.

அதுவரை அவர் என்னை ரைட்டர் என்று அழைத்ததில்லை.

பின்னால் நின்ற வண்டிக்காரர் ஒருவர், "ஒனக்கென்ன கிறுக்கா? இந்த மாசத்துல மேல போனவன் எவன் நல்லா எறங்குனான்?" என்றார்.

"அடுத்தவுக தயவுல கீழ ஓட்டுனது போதும்," என்றார் மச்சான். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. எனக்கு மட்டும் கேட்கும்படிதான் சொன்னார்.

நான் எழுந்திருக்கவில்லை. "மச்சான், இங்க வாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வரிசையில் இருபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேசையின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். கேட்டதைக் கொடுத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, மலை ஓட்டத்தில் அவர் பெயரை எழுதினேன். அழகாகவே எழுதினேன். என் கையெழுத்தைத் துரையே புகழ்வார்.

புரட்டாசியில் ஒரு ஞாயிறு மனது கேட்காமல் கூடலூரில் வெற்றிலை, பாக்கு, பழம் வாங்கித் தட்டில் வைத்துக்கொண்டு அவர் ஊருக்கு நடந்தேன். அந்த வாரம் அவர் இறங்கி வந்திருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். வாய்க்கால் பாலம் வரை போனேன். அங்கே எங்கள் தெருக்காரர்கள் நாலு பேர் குளித்துக்கொண்டிருந்தார்கள். தட்டைப் பார்த்தால் அவர்களுக்குத் தெரிந்துவிடும், ரைட்டர் வண்டிக்காரரிடம் இறங்கிப் போகிறார் என்று. தட்டைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். வீட்டில் அவள் வெற்றிலையைப் பார்த்துவிட்டாள். என் முகத்தையும் பார்த்தாள். வெற்றிலையை எடுத்து ஈரத்துணியில் சுற்றி வைத்தாள். வாடும் வரை அது அங்கேயே இருந்தது.

ஐப்பசியின் நடுவில் மேலிருந்து ஒரு சீட்டு வந்தது. காட்டுக்குள் இருந்த முகாமில் காய்ச்சலில் போனவர்களின் பெயர்கள். ஐந்து பெயர். மூன்றாவது பெயர் அவருடையது. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். அந்தச் சீட்டைக் கிடங்குப் பதிவோடு ஒத்துப்பார்த்துப் பெயரை அடிக்க வேண்டியது என் வேலை. அதையும் செய்தேன்.

வீட்டுக்குப் போனபோது அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். முறம் நின்றது.

"மாடு வந்துருச்சா?" என்றாள்.

"கூட இருந்தவங்க ஓட்டி வந்துட்டாங்க."

"தண்ணி காட்டுனாகளா?"

"காட்டியிருப்பாங்க."

அதன்பிறகுதான் அழுதாள்.

மறுநாள் அவர் வீட்டைத் திறக்கப் போனோம். பிள்ளைக்கு அப்போது உட்காரத் தெரியும். ஒரே அறை. மூலையில் வேட்டி மூடியபடி அந்தச் சின்ன வண்டி நின்றது. அவள் துணியை எடுத்தாள்.

உயரம் இல்லாத வண்டி, கவிழவே கவிழாது. மூன்று சக்கரத்திலும் நான்கு விரல் அகலத்துக்கு மரம், அதன்மேல் இரும்புப் பட்டை. எந்தச் சேற்றிலும் மிதக்கும். அடியில் கட்டிலுக்குப் பின்னுவதுபோலக் கயிறு பின்னியிருந்தார். குலுங்கினால் கயிறு வாங்கிக்கொள்ளும். கடையாணிகளுக்கு விளக்கெண்ணெய் போட்டிருந்தார். அது காயவில்லை. அதாவது, மலையிலிருந்து இறங்கி வந்த போதெல்லாம் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நான் வருவேன் என்று.

கைப்பிடியைத்தான் அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். குறுக்குக் கட்டை இல்லை. நடுவிலிருந்து ஒரே கம்பு எழுந்து, முனையில் இடது கைக்கு வாகாக வளைந்திருந்தது. அவளுடைய உயரத்துக்கு. கம்பில் என் நூல் சுற்றிக் கட்டியிருந்தது, முடிச்சோடு.

அவள் பிள்ளையை எடுத்து அதில் வைத்தாள். இடது கையால் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். நான் பிடிக்கப் போனேன். "வேணாம்," என்றாள். அவ்வளவுதான். முந்தின நாள் மழை பெய்து வழியெல்லாம் சேறு. வாய்க்கால் பாலத்தையும் தாண்டி இரண்டு மைலும் ஒற்றைக் கையால் தள்ளிக்கொண்டு வந்தாள். ஓரிடத்திலும் சக்கரம் நிற்கவில்லை. நான் பத்தடி பின்னால் வந்தேன். எங்கள் வீட்டு வாசலில் அது இரண்டு பக்கமும் தட்டாமல் உள்ளே போயிற்று. மச்சான் வராத வீட்டுக்குள் அவருடைய வண்டி வந்தது.

அடுத்த நாள் அவள் துரைமார் வண்டியைக் கொல்லைக்கு இழுத்துப்போய், வைக்கோல் போட்டுக் கோழியை அடைக்கு வைத்தாள். அதில் பதினொரு குஞ்சு பொரித்தது. அதைப்பற்றி ஊரில் எல்லோரும் சிரித்தார்கள். அவளும் ஒருநாள் சிரித்தாள். மரவண்டியில் எங்கள் பிள்ளைகள் மூன்று பேரும் வளர்ந்தார்கள்.

அணை முடிந்து பள்ளத்தாக்குக்குத் தண்ணீர் வந்தது. எல்லோரும் பூப்போட்டுக் கும்பிட்டார்கள். நான் கரையில் நின்றேன், கும்பிடக் கை எழவில்லை.

மகளுக்குக் கல்யாணம் நடந்தது. தாய்மாமன் மாலை போட வேண்டிய இடத்தில் என் மனைவிக்குத் தூரத்து முறையில் அண்ணனாகும் ஒருவர் வந்து நின்றார். கல்யாணத்துக்கு முந்தின நாள் பகலில், மாலைக்குப் பூவைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தவள், தலை நிமிராமல் கேட்டாள். அத்தனை வருஷத்தில் கேட்காத கேள்வி.

"ஏங்க, அண்ணன் மலைக்குப் போறேன்னு அவுகளாத்தேன் கேட்டாகளா?"

"அவரேதான் கேட்டார்," என்றேன். பொய் இல்லை.

ஒரு பூவைக் கீழே வைத்தாள். "அண்ணன் கேட்டா, நீங்க எழுதிருவீகளா?"

அவள் காத்திருந்தாள். பிறகு அடுத்த பூவை எடுத்துக்கொண்டாள். மறுபடி அவள் கேட்கவே இல்லை. அவள் போய் ஆறு வருஷம் ஆகிறது. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். எழுதினேன். அவர் கேட்டார், நான் எழுதினேன். எழுதாமல் இருந்திருக்கலாம்.

விலைப்பட்டியல் மேசைமேல் இருக்கிறது. பேத்தி வட்டமிட்ட இரண்டு வண்டியிலும் கைப்பிடி இரண்டு கைக்காகத்தான் இருக்கிறது. அவளுக்கு இரண்டு கையும் நன்றாக இருக்கிறது, மதுரையில் ரோடும் இருக்கிறது. மலிவானதையே வாங்கலாம். அவளுடைய தம்பி வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போனானா என்று மட்டும் முதலில் கேட்டு எழுத வேண்டும்.